ஏபிஎஸ்ஸுக்கு வெட்டிய அச்சில் பாலிப்ரோப்பிலீன்

மோல்டு வடிவமைப்பாளர், அம்பத்தூர்:
செலவைக் குறைப்பதற்காகக் கார் கதவின் உட்புறப் பாகம் ஒன்றை ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கிலிருந்து, டால்க் என்ற கனிமத் தூள் கலந்த பாலிப்ரோப்பிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக்குக்கு மாற்றச் சொன்னார்கள். உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் பழைய அச்சே (மோல்டு) போதும் என்று முடிவான கூட்டத்தில் நானும் இருந்தேன்; வாய் திறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏபிஎஸ் ஆறும்போது ஏறத்தாழ 0.5 சதவீதம் சுருங்கும். 20 சதவீத டால்க் சேர்த்த பாலிப்ரோப்பிலீனோ 1 சதவீதத்தை ஒட்டிச் சுருங்கும். தாளில் சிறிதாகத் தெரிந்த இந்த வேறுபாடு, 600 மில்லிமீட்டர் நீளப் பாகத்தில் 3 மில்லிமீட்டராக வளர்ந்து, ஒரு முனைக் கிளிப்பை அமர்த்தினால் மறுமுனைக் கிளிப் துளைக்கு நேராக நில்லாத நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. அச்சு நிறைந்த பிறகும் பிளாஸ்டிக்கை அழுத்திப் பிடிக்கும் ஹோல்டிங் பிரஷரைக் கூட்டியும் ஆறவிடும் நேரத்தை நீட்டியும் அதில் பாதியைக்கூட மீட்க முடியவில்லை. போதாக்குறைக்கு, பின்புறம் வலுவுக்காக வைக்கும் ரிப் என்ற மெல்லிய விலா இருந்த இடங்களிலெல்லாம் முகப்பில் பள்ளம் விழுந்தது. கிலோவுக்கு மிச்சம் பிடித்த பணம் புதிய அச்சுக்குப் போயிற்று.

தரச் சோதனையாளர், ஓரகடம்:
எங்களுக்கு நேர்ந்தது இதற்கு எதிர்மாறானது. ஏசி காற்றுத் துவாரத்தைச் சுற்றியிருந்த ஏபிஎஸ் சட்டம், 85 டிகிரி வெப்ப அறையில் பல நாள் இருந்தும் ஒரு கீறலின்றித் தேறியது. வாடிக்கையாளர் வண்டியிலோ சில மாதங்களில் விரிசல் விட்டது. விரிசல்கள் எல்லாமே வாசனைத் திரவியக் குப்பியை மாட்டும் பக்கத்திலேயே இருப்பதைக் கவனித்த பிறகுதான், பாகத்தை லேசாக வளைத்துப் பிடித்து அந்த எண்ணெயைத் தடவிப் பார்த்தோம். மறுநாள் காலைக்குள் அதே இடத்தில் விரிசல். படிக அமைப்பில்லாத ஏபிஎஸ்ஸில், இழுவிசை தங்கியிருக்கும் இடத்தில் இத்தகைய எண்ணெய் எளிதாக ஊடுருவும். பாலிப்ரோப்பிலீன் இதைப் பெரிதும் தாங்கும். ஆனால் அதன் மேல் பெயின்ட் பிடிக்க முதலில் தீச்சுடர் காட்ட வேண்டும் அல்லது பிரைமர் பூச வேண்டும் என்பதால், எங்கள் சட்டத்துக்கு அது ஒத்துவரவில்லை.

அம்பத்தூர் நண்பருக்கு ஒரு கேள்வி: ரிப்பின் தடிமன் எவ்வளவு வைத்திருந்தீர்கள்?

மோல்டு வடிவமைப்பாளர், அம்பத்தூர்:
சுவர் 2.5 மில்லிமீட்டர், ரிப் 1.5. ஏபிஎஸ்ஸில் பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை. புதிய அச்சில் ரிப்பை 1.2 ஆகக் குறைத்த பிறகே பள்ளம் மறைந்தது.