யூத வெறுப்புப் பதிவுகள்: கெடு விதித்து நீக்க வைக்கலாமா?

பனிமலர்:
2019 அக்டோபர் 9, யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு நாள். ஜெர்மனியின் ஹாலே நகரத் தொழுகைக்கூடத்துக்குள் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். துப்பாக்கியோடு வந்தவனால் கதவை உடைக்க முடியவில்லை. தெருவில் போன ஒரு பெண்ணையும், கெபாப் கடையில் இருந்த ஓர் இளைஞரையும் சுட்டுக் கொன்றான். அத்தனையும் ட்விட்ச் என்ற நேரலை வீடியோத் தளத்தில் ஓடியது. ஜெர்மானிய ஊரில் நின்றுகொண்டு ஆங்கிலத்தில் பேசினான். ஹோலோகாஸ்ட், அதாவது நாஜிகள் செய்த யூத இனப்படுகொலை, நடக்கவே இல்லை என்று தொடக்கத்திலேயே சொன்னான். ஊர்க்காரர்களிடமா அவன் பேசினான்? தன்னை வளர்த்துவிட்ட இணையக் கூட்டத்திடம் பேசினான்.

ஜெர்மனி 2017இல் கொண்டுவந்த சட்டம் சரியானது என்பது என் கருத்து. அப்பட்டமாகச் சட்டவிரோதமான பதிவைப் பெரிய சமூக வலைத்தளங்கள் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று அது சொன்னது. தவறினால் 5 கோடி யூரோ வரை அபராதம். கெஞ்சிக் கேட்டால் நிறுவனங்கள் நகராது. ஹோலோகாஸ்ட் மறுப்புப் பதிவுகளை நீக்க மாட்டோம் என்று 2018இல் ஃபேஸ்புக் தலைவர் மார்க் சக்கர்பெர்க் பேட்டியே கொடுத்தார். 2020இல் ஹோலோகாஸ்டில் உயிர் பிழைத்த முதியவர்கள் தினம் ஒருவராக வீடியோவில் வந்து அவரிடம் முறையிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் விளம்பரதாரர்கள் ஃபேஸ்புக்கைப் புறக்கணித்தார்கள். அக்டோபரில்தான் அவர் மாறினார். தொண்ணூறு வயதுக்காரர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து மன்றாட வேண்டிய நிலை இனி யாருக்கும் வரக் கூடாது.

தேரிக்காடு:
பனிமலர், ஹாலே உங்கள் வாதத்துக்கு உதவாது. அந்தக் கொலைகள் நடந்தபோது நீங்கள் புகழும் சட்டம் ஏற்கனவே நடைமுறையில் இருந்தது. ஜெர்மனியில் 20 லட்சம் பயனர்களுக்கு மேல் உள்ள தளங்களைத்தான் அது கட்டுப்படுத்தியது. அவன் நேரலை இணைப்பைப் போட்டதோ பெயர் சொல்லாமல் படமும் பதிவும் போடும் ஒரு சின்னப் படப்பலகைத் தளத்தில்.

என் அச்சம் வேறு. 24 மணி நேரக் கெடுவும் கோடிக்கணக்கில் அபராதமும் தலைமேல் நின்றால் எந்த நிறுவனமும் சந்தேகம் வந்த உடனே அழித்துவிடும். 2018 ஜனவரி முதல் வாரத்தில் 'டைட்டானிக்' என்ற நையாண்டிப் பத்திரிகையின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. இனவெறியைக் கிண்டல் செய்த பதிவுக்கு! பிரான்ஸ் இதேபோல் 24 மணி நேரக் கெடு வைத்துச் சட்டம் போட்டது. 2020 ஜூனில் அரசியலமைப்பு மன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. ரஷ்யாவில் 2017இல் வந்த மசோதா ஜெர்மன் சட்டத்தைப் பார்த்து எழுதியது என்று எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு அப்போதே எச்சரித்தது. நல்ல நோக்கத்தோடு அடித்த சாவி யார் கைக்கும் போகும்.

வழி இல்லாமலா இருக்கிறது? 2012 அக்டோபரில் பிரெஞ்சு ட்விட்டரில் யூதர்களை இழிவுபடுத்தும் ஹேஷ்டேக் ஒன்று பரவியது. யூத மாணவர் சங்கம் நீதிமன்றம் போனது. 2013 ஜூலையில், எழுதியவர்களின் விவரங்களை ட்விட்டர் ஒப்படைத்தது. புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

பனிமலர்:
ஒன்பது மாதம், தேரிக்காடு. ஒரு ஹேஷ்டேக்குக்கு ஒன்பது மாதம், அதுவும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்த ஒரு சங்கத்துக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 13 நாட்டு யூதர்களிடம் 2023இல் கேட்டபோது, முந்தைய ஓராண்டில் இணையத்தில் யூத வெறுப்பைச் சந்தித்ததாக 90 சதவீதம் பேர் சொன்னார்கள். இத்தனை பேரும் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்கள்?

ஆழிமகன்:
இருவருமே தொடாத சிக்கல் ஒன்று இருக்கிறது. எது யூத வெறுப்பு என்று யார் முடிவு செய்வது? சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி 2016இல் ஏற்ற வரையறை 11 உதாரணங்களைச் சொல்கிறது. அவற்றில் பெரும்பாலானவை இஸ்ரேல் சம்பந்தப்பட்டவை. அந்த வரைவை முன்னின்று எழுதிய கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சை ஒடுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று வெளிப்படையாக எதிர்க்கிறார். 2021இல் இருநூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஜெருசலேம் பிரகடனம் என்று மாற்று வரையறையே வெளியிட்டார்கள். காசாவில் குண்டு விழுவதைக் கண்டித்து எழுதுகிறவன் பதிவும், "யூதர்கள்தான் உலகத்தை ஆட்டிவைக்கிறார்கள்" என்கிறவன் பதிவும் ஒரே கூடையில் விழுந்தால் நான் அந்தச் சட்டத்தை ஏற்க மாட்டேன்.

பனிமலர்:
ஆழிமகன், நானும் ஏற்க மாட்டேன். ஆனால் ஜெர்மன் நீக்கச் சட்டம் அந்த வரையறையின் மேல் கட்டப்பட்டது அல்ல. ஏற்கனவே இருந்த குற்றவியல் பிரிவுகளைத்தான் சுட்டியது. 130ஆம் பிரிவு மக்களுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவதையும் ஹோலோகாஸ்ட் மறுப்பையும் குற்றமாக்குகிறது. ஓர் அரசின் போரைக் கண்டிப்பது அதில் இல்லை. அப்படி ஒரு பதிவு தவறாக அழிந்தால் முறையிடும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 டிஜிட்டல் சேவைகள் சட்டம் தருகிறது: காரணம் சொல்ல வேண்டும், பயனர் மேல்முறையீடு செய்யலாம், வெளியே உள்ள தீர்வு மன்றத்துக்கும் போகலாம்.

தேரிக்காடு:
அந்த மேல்முறையீட்டுப் பகுதியை நானும் வரவேற்கிறேன். அதில் 24 மணி நேரக் கெடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். நான் எதிர்ப்பது கெடுவைத்தான்.

நெய்தல்:
நான் பள்ளி ஆசிரியை. எனக்கு நீக்கத்தைவிடத் தேடல்தான் முக்கியமாகப் படுகிறது. 2022இல் யுனெஸ்கோவும் ஐநாவும் வெளியிட்ட ஆய்வின்படி, ஹோலோகாஸ்ட் பற்றிய பொதுப் பதிவுகளில் மறுப்பதோ திரிப்பதோ ஃபேஸ்புக்கில் 8 சதவீதம், டிக்டாக்கில் 17, டெலிகிராமில் 49. டிக்டாக்கில் அந்தச் சொல்லைத் தேடும் பிள்ளைக்கு, யுனெஸ்கோவும் உலக யூதக் காங்கிரஸும் சேர்ந்து நடத்தும் தளத்துக்கு வழிகாட்டும் பலகை வருகிறது. அழித்த பதிவு பிள்ளைக்கு எதையும் கற்றுத்தராது. நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி அன்னா பிராங்க் யார் என்று தேடுகிற பதினான்கு வயதுக்கு முதலில் எது கண்ணில் படுகிறது என்பதில்தான் எனக்கு அக்கறை.

பனிமலர்:
நெய்தல் அக்கா, அந்தக் கூட்டாண்மை மதிப்புள்ளது. ஆனால் கைகுலுக்க முன்வருகிற நிறுவனத்தோடுதான் கூட்டாண்மை சாத்தியம். நீங்கள் சொன்ன 49 சதவீதத்தைப் பாருங்கள். புகார் கொடுக்கச் சரியான வழி இல்லை, சட்ட அறிவிப்பைப் பெற ஆள் இல்லை என்று 2022 அக்டோபரில் டெலிகிராமுக்கு 51.25 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். தேரிக்காடு வேண்டாம் என்கிற அதே ஜெர்மன் சட்டத்தின்கீழ்.

தேரிக்காடு:
அதற்குப் பதில் சொல்ல வேண்டும், சொல்கிறேன். புகார் வழியும் பொறுப்பான ஆளும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அவற்றுக்கு அபராதம் விதிக்கட்டும். எந்தப் பதிவு குற்றம் என்பதை மட்டும் நீதிபதி சொல்லட்டும், பதிவுகளைச் சரிபார்த்து நீக்கும் நிறுவனத்தின் மட்டுறுத்துநர் அல்ல.

ஆழிமகன்:
2024 மே மாதம் அந்த ஜெர்மன் சட்டத்தின் பெரும்பகுதி நீங்கி, ஐரோப்பியச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அதன் கடுமையான கடமைகள் ஒன்றியத்துக்குள் மாதம் 4.5 கோடிப் பயனர்களைத் தாண்டும் தளங்களுக்கு மட்டுமே. அந்த ஆண்டு டெலிகிராம் சொன்ன கணக்கு அந்த வரம்புக்குக் கீழே இருந்தது. பனிமலர், தேரிக்காடு இருவருக்கும் கேள்வி: அந்த எண்ணிக்கையை நிறுவனமே சொல்வதா, வெளியாள் எண்ணுவதா?