உயர்தொழில்நுட்ப நகரம்: 800 ஹெக்டேரில் எதை முதலில் கட்டுவது?

கேள்வி: வரைபடமேசை

6 லட்சம் பேர் வாழும் நடுத்தர நகரம். ஒரு பொறியியல் பல்கலைக்கழகம், ஒரு மருத்துவக் கல்லூரி. நகரத்திலிருந்து 14 கி.மீ. தள்ளி 800 ஹெக்டேர் அரசு நிலம். 20 ஆண்டுகளில் 20,000 உயர்தொழில்நுட்ப வேலைகள் என்பது இலக்கு. முதல் வரைவில் 800 ஹெக்டேரையும் முழுக்க வரைந்தாகிவிட்டது: நடுவில் ஏரி, சுற்றிலும் வட்டச்சாலை, சிப், மருந்து, மென்பொருள் என்று தனித்தனி மண்டலங்கள்.

மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும். எந்தத் துறை என்பதை எதை வைத்து முடிவு செய்வது? கட்டம் பிரிப்பதற்கு நிலக் கணக்கு எப்படிப் போடுவது? 15 வருடம் கழித்துப் பாதி மனைகள் முள்மண்டிக் கிடக்காமலிருக்க இப்போதே ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

பதில் 1: நிலக்கணக்கு

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டும் அதில்தான் தொங்குகின்றன. நிலத்தை வைத்து வேலைகளைக் கணக்கிடாதீர்கள். வேலைகளை வைத்து நிலத்தைக் கணக்கிடுங்கள்.

20,000 பேரில் 12,000 பேர் அலுவலக வகை, 8,000 பேர் ஆய்வக வகை என்று வைத்துக்கொள்வோம். பொதுவிடங்களையும் சேர்த்து அலுவலகத்துக்குத் தலைக்கு 18 ச.மீ., ஆய்வகத்துக்கு 40 ச.மீ. மொத்தம் 5,36,000 ச.மீ. கட்டடம். எஃப்எஸ்ஐ, அதாவது மனைப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு தரைப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம், 1.5 என்றால் மனைப்பரப்பு 36 ஹெக்டேர். சாலை, பசுமை, துணைமின் நிலையம் எல்லாம் போக நிகர மனை 55 சதவீதம்தான் தேறும் என்று எடுத்தால் மொத்தம் 65 ஹெக்டேர். 10,000 குடும்பங்களுக்கு வீடும் கட்டுகிறீர்கள், வீட்டுக்கு 100 ச.மீ. என்றால் இன்னும் 121 ஹெக்டேர். எல்லாம் சேர்த்தாலும் 190-ஐத் தொடவில்லை.

மீதி 600 ஹெக்டேருக்குச் சாலையும் குழாயும் போட்டால் அந்தக் கடனுக்கு வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வட்டி அழுத்தினால் வருகிறவருக்கெல்லாம் மனை கொடுக்க வேண்டிவரும். கிடங்கும் கல்யாண மண்டபமும் நுழைவது அப்படித்தான். பெரிய உற்பத்தி ஆலை ஒன்று வந்தால் கணக்கு மாறும், அதற்கு ஒரு துண்டைத் தொடாமல் வையுங்கள். முதல் கட்டம் 25 ஹெக்டேருக்கு மேல் வேண்டாம். அடுத்த கட்டத்தை ஆண்டைச் சொல்லித் திறக்காமல் நிபந்தனையைச் சொல்லித் திறங்கள்: முதல் கட்டத்தின் கட்டிய பரப்பில் 65 சதவீதத்தில் ஆள் உட்கார்ந்து வேலை செய்தால் மட்டும். மனை விற்றுத் தீர்ந்தது என்ற கணக்கு இதற்குச் செல்லாது.

14 கி.மீ. தூரம்தான் எனக்குப் பெரிய கவலை. ஜப்பானின் சுகுபா அறிவியல் நகரத்துக்கு 1963-இல் முடிவெடுத்தார்கள். அரசு ஆய்வுக்கூடங்கள் வரிசையாக வந்தன, 1985-இல் உலகக் கண்காட்சியே நடந்தது. டோக்கியோவுக்கு நேரடி விரைவு ரயில் வந்தது 2005-இல், 42 ஆண்டுகள் கழித்து. முதல் 10 ஹெக்டேரைப் பல்கலைக்கழகச் சுவரை ஒட்டி, நகரத்துக்குள்ளேயே தேட முடியுமா என்று பாருங்கள். பார்சிலோனாவின் 22@ திட்டம் 2000-இல் அப்படித்தான் பழைய ஆலைப் பகுதியை எடுத்தது. கூடுதல் தரைப்பரப்பு அனுமதித்தார்கள். அதற்கு ஈடாக உரிமையாளர்கள் பசுமை, பொதுக்கட்டடம், குறைவிலை வீடு ஆகியவற்றுக்கு நிலம் விட்டுக்கொடுத்தார்கள்.

பதில் 2: வட்டாரப்பொருளியல்

துறைத் தேர்வுக்கு முதல் கருவி இடக்குறியீடு. உங்கள் வட்டாரத்தின் மொத்த வேலைகளில் ஒரு துறையின் பங்கை, நாடு முழுவதும் அதே துறைக்குள்ள பங்கால் வகுங்கள். வட்டாரத்தில் 3,00,000 வேலைகள், அதில் 4,200 துல்லிய எந்திரவேலை என்றால் 1.4 சதவீதம். நாட்டளவில் 0.7 என்றால் குறியீடு 2. 1.25-க்கு மேல் போனாலே அந்தத் துறை வெளியூருக்கும் விற்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள்.

அந்த எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. 4,200 பேரும் ஒரே ஆலையில் இருந்தால் அது தொழில்திரளே (ஒரே துறை நிறுவனங்கள் பல சேர்ந்த கூட்டமே) அல்ல, ஒரு முதலாளியின் முடிவு. நிறுவன எண்ணிக்கை, பத்து ஆண்டு வளர்ச்சி, உள்ளூர்க் காப்புரிமைகளின் துறை, கடந்த ஐந்து ஆண்டுப் பட்டதாரிகள் எந்த வேலைக்கு எந்த ஊருக்குப் போனார்கள் என்ற நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடைசியில் சொன்ன பட்டியல்தான் பலரும் எடுக்காதது, அதுதான் அதிகம் சொல்லும்.

சிப், மருந்து, மென்பொருள் என்று மூன்றையும் போட்டிருப்பது உலகத்தில் எல்லோரும் போடுகிற பட்டியல். ஜப்பான் 1983-இல் டெக்னோபோலிஸ் சட்டம் கொண்டுவந்து 26 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்தது. பெரும்பாலானவை ஒரே துறைகளையே கேட்டன. பல இடங்களுக்கு வந்தவை கிளை ஆலைகள். ஆராய்ச்சியும் முடிவெடுக்கும் தலைமையும் பெருநகரங்களிலேயே நின்றுவிட்டன.

தைவானின் சிஞ்சூவில் வரிசையைக் கவனியுங்கள். 1973-இல் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடமிருந்து சிப் தொழில்நுட்பம் வாங்கிப் பொறியாளர்களை அனுப்பிப் பயிற்சி. 1980-இல்தான் அறிவியல் பூங்கா, அதே ஆண்டில் அந்த ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தே யுஎம்சி என்ற சிப் நிறுவனம், 1987-இல் இன்னொரு சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி. பூங்காவின் வாசல் திறக்கும்போது உள்ளே போக ஆட்கள் தயாராக இருந்தார்கள். உங்கள் பெருந்திட்டத்தில் ஏரிக்கு ஒதுக்கிய பணத்தை, சிறு ஆலைகள் கேட்கும் சோதனைகளைக் கட்டணத்துக்குச் செய்துகொடுக்கும் ஒப்பந்த ஆராய்ச்சி மையத்துக்கு மாற்றுங்கள். பல்கலைக்கழகத் துறைக்குள் அதை வைக்காதீர்கள். தேர்வு மாதத்தில் எந்திரம் நின்றால் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

பதில் 3: துணைமின்பாதை

கட்டடமும் பயன்பாட்டு வசதிகளும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அலுவலகக் கட்டடம் கட்டிவிட்டுப் பிறகு ஆய்வகமாக மாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காது. ஆய்வகத்துக்குத் தளத்திலிருந்து தளத்துக்கு ஏறத்தாழ 4.5 மீட்டர் உயரம், சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் தாங்கும் தளம், 3.3 மீட்டரின் மடங்கில் தூண் இடைவெளி, கூரை வரை போகும் அகலமான குழாய்த்தண்டுகள் வேண்டும். ரசாயன ஆய்வகத்தில் மணிக்கு 6 முதல் 10 முறை காற்று மாறணும், அதுவும் முழுக்க வெளிக்காற்று. 3.6 மீட்டர் உயரத்தில் கட்டிய மாடியில் இத்தனை காற்றுக்குழாய் நுழைய இடமே கிடைக்காது. மாறாக, ஆய்வகத் தரத்தில் கட்டியதை அலுவலகமாக எப்போதும் பயன்படுத்தலாம்.

அதிர்வை நிலம் ஒதுக்கும் முன்பே அளந்துவிடுங்கள். நுண்கருவிகளுக்கான அதிர்வு வரம்புகளில் விசி-சி வரையறை நொடிக்கு 12.5 மைக்ரோமீட்டர், அதைவிடக் கடுமையான விசி-டி 6.25. நுண்ணிய எலக்ட்ரான் நுண்ணோக்கிகள் விசி-டி, அதற்கும் கீழே கேட்கும். லாரி ஓடும் வட்டச்சாலையை ஒட்டி இந்தக் கட்டடத்தை வைத்தால் பின்னால் அடித்தளத்தில் கொட்டும் பணத்துக்கு அளவில்லை. காந்தப்புலமும் இந்தக் கருவிகளைக் கெடுக்கும் என்பதால் துணைமின் நிலையத்தைத் தள்ளி வையுங்கள்.

மின்வெட்டைவிட மின்னழுத்தச் சரிவு ஆபத்து. சிப் தொழில்துறையின் செமி எஃப்47 தரப்படி சிப் எந்திரம், அழுத்தம் 50 சதவீதத்துக்கு இறங்கினால் 0.2 நொடியும் 70-க்கு இறங்கினால் 0.5 நொடியும் 80-க்கு இறங்கினால் 1 நொடியும் தாங்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஓடிக்கொண்டிருந்த சரக்கு வீண். இரண்டு தனித்தனித் துணைமின் நிலையங்களிலிருந்து இரண்டு பாதைகள் கொண்டுவாருங்கள். வரைபடத்தில் இரண்டு பாதை இருக்கும், தரையில் இரண்டு கேபிளும் ஒரே பள்ளத்தில் கிடக்கும். ஒரு மண்வெட்டி எந்திரம் போதும், இரண்டும் போய்விடும். இப்படி அடிக்கடி நடக்கிறது.

கழிவுநீரை ஒரே குழாயில் கலக்காதீர்கள். சிப் ஆலையின் ஃபுளோரைடு நீரைத் தனியே எடுத்துக் கால்சியம் உப்பு சேர்த்து வீழ்படிவாக்க வேண்டும். மருந்து ஆலையின் கரைப்பான் திடீரென வந்தால் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்கள் செத்து, திரும்பி வளர வாரக்கணக்கில் ஆகும். வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குளிர்கோபுரத்துக்குத் திருப்புங்கள். 2021 வறட்சியில் தைவானில் விவசாயப் பாசனத்தை நிறுத்தி ஆலைகளுக்கு நீர் திருப்பினார்கள். டிஎஸ்எம்சி லாரித் தண்ணீர் வாங்கியது. விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவே அப்படி ஒரு போட்டி வரும் என்றால் அதைத் திட்டத்திலேயே தடுக்க வேண்டும்.

பதில் 4: குத்தகைவிதி

மனையை விற்காதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் 1951-இல் தொழில் பூங்கா தொடங்கியபோது, நிறுவனரின் கொடை விதிப்படி நிலத்தை விற்க முடியாது. அதனால் குத்தகை. யார் வரலாம், எப்படிக் கட்டலாம் என்ற பிடி கடைசிவரை பல்கலைக்கழகத்திடமே இருந்தது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: 18 மாதத்தில் கட்டுமானத் தொடக்கம், 36 மாதத்தில் பயன்பாடு, தவறினால் ஏறிக்கொண்டே போகும் கட்டணம், பிறகு திரும்ப எடுத்தல். உள்குத்தகைக்கு அனுமதி கட்டாயம், லாபத்தில் ஒரு பங்கு நிர்வாகத்துக்கு. ஆனால் திரும்ப எடுக்கும் விதியைப் பார்த்தால் வங்கி கடன் தராது. ஆகவே கடன் கொடுத்தவருக்கு 180 நாள் அவகாசமும் வேறு நிறுவனத்தை அமர்த்தும் உரிமையும் கொடுக்கும் பிரிவைச் சேருங்கள். இதை விட்டுவிட்டால் நல்ல நிறுவனங்கள்தான் முதலில் விலகும்.

புதிய நிறுவனங்களை வளர்த்துவிடும் இன்குபேட்டரை எல்லோரும் கட்டுகிறார்கள். மூன்று வருடம் முடித்து வெளியே வருகிற நிறுவனத்துக்கு 300 முதல் 1,500 ச.மீ. வரை வாடகை இடம் தேவை, அதைத்தான் யாரும் கட்டுவதில்லை. தனியார் பெரிய மாடிகளாகக் கட்டுவார்கள். வளர்ந்த நிறுவனம் வேறு ஊருக்குப் போவது பெரும்பாலும் இந்த ஓட்டையால்.

புதிய நிறுவனங்களில் பணம் போடும் துணிகர முதலீட்டு நிதிகளுக்காக இஸ்ரேல் கொண்டுவந்த இரண்டு திட்டங்களை ஒப்பிடுங்கள். 1992-இன் இன்பால், நிதிகளின் முதலீட்டுக்கு 70 சதவீதம் வரை அரசு உத்தரவாதம் தந்தது, பலன் இல்லை. 1993-இன் யோஸ்மா 10 கோடி டாலரில் பத்து நிதிகளுக்கு 40 சதவீதம் வரை பணம் போட்டு, ஐந்து ஆண்டுக்குள் அரசின் பங்கை முதலும் வட்டியும் கொடுத்து வாங்கிக்கொள்ளும் உரிமை தந்தது. அது பிடித்தது. நட்டத்தைக் குறைத்தால் கவனக்குறைவு வரும், லாபத்தைப் பெருக்க வழி விட்டால் நல்ல நிறுவனத்தைத் தேடுவார்கள்.

வரைபடமேசை

நன்றி. ஏரியை எடுத்துவிட்டேன், முதல் கட்டம் 25 ஹெக்டேர். ஒரு சந்தேகம் மட்டும்: ஒரு உயர்தொழில்நுட்ப வேலை ஐந்து மற்ற வேலைகளை உண்டாக்கும் என்று வரைவில் இருக்கிறது. அதை அப்படியே பெருக்கி 1,00,000 கூடுதல் வேலை என்று காட்டலாமா?

வட்டாரப்பொருளியல்

கூடாது. அந்த ஐந்து, அமெரிக்கப் பெருநகரப் பகுதிகளை வைத்துப் பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டி செய்த மதிப்பீடு, அதுவும் நீண்டகால விளைவு. சம்பளம் உள்ளூரில் செலவாக வேண்டும், கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் ஆட்கள் வந்து குடியேற வீடு கிடைக்க வேண்டும். வீடு கிடைக்காவிட்டால் அதே தேவை வாடகையாக உயர்ந்து, ஏற்கெனவே அங்கே இருப்பவர்களை வெளியேற்றும். வரைவில் ஒரு வேலைக்கு 1, 2, 3 கூடுதல் வேலைகள் என்று மூன்று நிலைகளில் காட்டுங்கள். கடன் திருப்புவதை 1-ஐ வைத்து மட்டும் கணக்கிடுங்கள். ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை வீடு எந்த ஆண்டில் தேவை என்ற நிரலைப் பக்கத்திலேயே போடுங்கள்.