மாஸ்டர் சிலிண்டர் மூடியில் ஒரு ஸ்க்ரூ அசைய மாட்டேன் என்கிறது

மழைச்சாரல்:

வணக்கம். முன் பிரேக் ஆயிலை மாற்றலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். ஹேண்டில்பாரில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் (பிரேக் ஆயில் கிண்ணம் உள்ள பாகம்) மூடிக்கு இரண்டு பிளஸ் குழி ஸ்க்ரூ. ஜப்பான் பைக், வயது 11. அந்த மூடியை இதுவரை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. ஒரு ஸ்க்ரூ எப்படியோ கழன்றுவிட்டது. இன்னொன்று நகரவே இல்லை. நாலைந்து முறை டிரைவர் வழுக்கியதில் தலையிலிருந்த பிளஸ் குழி பாதி வட்டமாகிவிட்டது. ஸ்ப்ரே ஆயில் நன்றாக அடித்து ராத்திரி முழுக்க விட்டும் பலன் இல்லை. எக்ஸ்ட்ராக்டர் செட் (ஸ்க்ரூவில் துளையிட்டு, உள்ளே கவ்வித் திருப்பும் கருவி) வாங்கட்டுமா, இல்லை கேஸ் டார்ச்சால் சூடு காட்டட்டுமா? பிரேக் சமாச்சாரம் என்பதால் கை வைக்கப் பயமாக இருக்கிறது.

பழைய ஸ்பேனர்:

தம்பி, டார்ச் வேண்டவே வேண்டாம். மூடிக்கு ஒரு விரல் கீழே பிரேக் ஆயில் இருக்கிறது, அது தீப்பிடிக்கும். எக்ஸ்ட்ராக்டரும் இப்போதைக்கு வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். குழி பாதி மிச்சம் இருக்கிறது என்கிறீர்களே, அது போதும். இனி ஒரு தடவைகூட அதை வழுக்க விடாதீர்கள்.

கழன்ற ஸ்க்ரூவின் தலையை வெளிச்சத்தில் பாருங்கள். பிளஸ் குழிக்குப் பக்கத்தில் ஊசியால் குத்தியது போல ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது ஜேஐஎஸ், அதாவது ஜப்பான் தர அளவு ஸ்க்ரூ. ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் அதுதான். பார்க்க பிலிப்ஸ் எனும் சாதாரண பிளஸ் ஸ்க்ரூ போலவே இருக்கும், ஆனால் பிலிப்ஸ் டிரைவர் அந்தக் குழியின் அடிவரை இறங்காது. மேலாகத் தொட்டு நின்று, விசை கூடியதும் ஏறி வழுக்கும். உங்கள் கையில் பலம் இல்லாமல் போகவில்லை, முனைதான் தவறு. ஜேஐஎஸ் 2 ஆம் நம்பர் டிரைவர் ஒன்று வாங்குங்கள். ஜப்பான் வண்டி வைத்திருப்பவருக்கு அது ஆயுளுக்கும் உதவும்.

அது ஏன் பிடித்துக்கொண்டது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூ இரும்பு, அது இறங்கியிருக்கும் உடம்பு அலுமினியம். கூம்புத் தலையின் குழியில் மழைநீர் தேங்கி மரைக்குள் இறங்குகிறது. இரண்டு உலோகம், நடுவில் ஈரம் என்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி, அரித்துப்போன உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி ஆகிவிடும். அதைத் திருகிக் கழற்றப் பார்த்தால் தலைதான் சிதையும். முதலில் அதிர்ச்சி கொடுத்துப் பொடியை உடைக்க வேண்டும்.

ஸ்க்ரூ தலை அளவுக்குத் தட்டை முனை உள்ள பஞ்ச் ஒன்றை நேராக வைத்து, சின்னச் சுத்தியலால் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். பலமாக வேண்டாம், சுருக்கென்று இருக்கட்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு அடியில் ஒருவர் கனமான மரக்கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி முழுவதும் ஹேண்டில்பாரின் ஆட்டத்தில் வீணாகும். அப்புறம் சால்டரிங் அயனை ஸ்க்ரூ தலையில் மட்டும் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஸ்க்ரூ விரிந்து பொடியை நசுக்கும், ஆறும்போது மயிரிழை இடைவெளி விடும். நன்றாக ஆறியபின் பெனட்ரேட்டிங் ஆயிலை (இடுக்கில் ஊடுருவும் எண்ணெய்) ஒரு குச்சி முனையில் தொட்டு ஒரே ஒரு சொட்டு வையுங்கள். ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பிரேக் ஆயிலில் கலந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிப்போகும். நேற்று அடித்ததையும் மூடி திறக்கும் முன் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

கடைசியாக, டிரைவர் முனையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் துளி தடவுங்கள். அதிலுள்ள மணல் குழியைக் கவ்வும். உடம்பின் எடை முழுவதையும் கீழ்நோக்கிக் கொடுத்து, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு அசைத்துப் பாருங்கள். "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பிறகுதான் கழற்றும் பக்கம்.

எக்ஸ்ட்ராக்டர் ஏன் வேண்டாம் என்றால், நான் முறிந்துபோன சைலன்சர் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) ஒன்றில் அதை உடைத்தவன். தடித்த ஸ்டட்டே முறிந்திருக்கிறது, அதைவிட மெல்லிய கம்பியை உள்ளே விட்டு அதையும் முறுக்கினால் என்ன ஆகும்? அதோடு அது ஆப்பு வடிவம், உள்ளே போகப் போக ஸ்டட்டை விரித்து மேலும் இறுக்கியது. உடைந்த துண்டு கடினமாக்கிய எஃகு, சாதாரண டிரில் பிட் அதில் வழுக்கி ஓடியது. கடைசியில் இன்ஜின் ஹெட்டைக் கழற்றி, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் எரோஷன் இயந்திரத்தில் கொடுத்துத்தான் எடுத்தேன். அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

கிளட்ச் கேபிள்:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. தலை முழுவதும் போய்விட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் சேர்க்கிறேன், எனக்கு அதுதான் நடந்தது. அது எம்4 ஸ்க்ரூ, அதாவது தண்டு 4 எம்எம். தலையின் நடுவில் பஞ்ச் வைத்து, முதலில் 2.5 எம்எம், பிறகு 4 எம்எம் பிட்டால் தலையின் ஆழம் வரை மட்டும் டிரில் செய்யுங்கள். தலை வளையமாகக் கழன்று வந்துவிடும். துகள்களை ஒட்ட எடுத்துவிட்டு மூடியைத் தூக்கினால் மூடியின் கனம் அளவுக்குத் தண்டு வெளியே நிற்கும். தலையின் பிடி போனதும் தண்டில் இழுவிசை இருக்காது, அதனால் வைஸ் கிரிப்பில் (பூட்டிப் பிடிக்கும் குறடு) பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். இடதுபக்கம் சுற்றும் டிரில் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது, டிரில் செய்யும்போதே சில சமயம் ஸ்க்ரூ கழன்று மேலே வரும்.

இன்ஜின் கவரில் இருக்கும் எம்6 ஸ்க்ரூவாக இருந்தால் இம்பேக்ட் டிரைவரை எடுங்கள் என்றிருப்பேன், சுத்தியலால் அடிக்க அடிக்க அது திருப்பும். ஹேண்டில்பாரில் தொங்கும் சின்ன அலுமினியத்துக்கு அந்த அடி அதிகம். ஆலன் தலை (அறுகோணக் குழி) மழுங்கியிருந்தால் வேறு வழி: 5 எம்எம் ஆலன் குழியில் டி30 அளவு டார்க்ஸ் பிட்டை (ஆறு முனை நட்சத்திர வடிவம்) தட்டி இறக்கித் திருப்பலாம்.

மழைச்சாரல்:

வந்துவிட்டது! புள்ளி இருந்தது, ஜேஐஎஸ்தான். டிரைவர் வர நான்கு நாள் ஆனது, அதுவரை கையை வைக்காமல் இருந்தேன். தட்டி, சூடு காட்டி, ஒரு சொட்டு வைத்து, மறுநாள் இறுக்கும் பக்கம் திருப்பியதும் அந்த "டிக்" கேட்டது. மரையில் அண்ணன் சொன்ன அதே வெள்ளைப் பொடி. ஆயில் அடர் பழுப்பாகியிருந்தது. மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்? ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடலாமா?

பழைய ஸ்பேனர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. நான்கு நாள் பொறுத்தீர்களே, அதுதான் பெரிய காரியம். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் அலுமினியம் அதோடு சேர்ந்தாலும் அரிக்கும். எதைப் போட்டாலும் மரையில் மெல்லிய பூச்சாக ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவுங்கள், ஆயில் கிண்ணத்துக்குள் போகாதபடி. மரைத் துளையில் இருக்கும் பொடியை எம்4 டேப்பை (மரை வெட்டும் கருவி) கையால் விட்டு எடுத்துவிடுங்கள், அதற்கு முன் கிண்ணத்தைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள். இறுக்குவது 1.5 முதல் 2 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கட்டும், அதாவது டிரைவரை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பும் அளவு. கசிவைத் தடுப்பது மூடிக்கு அடியில் உள்ள ரப்பர், ஸ்க்ரூவின் இறுக்கம் அல்ல. இன்னொன்று, பிரேக் டிஸ்க் போல்ட்டுகளில் இந்த ஆன்டி-சீஸைத் தடவிவிடாதீர்கள். அங்கே த்ரெட் லாக்கர்தான், போல்ட் தானாகக் கழலாமல் பிடிக்கும் பசை.

டேங்க் மேல் ஆயில் சொட்டியிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும். முடிந்ததும் லீவரைப் பிடித்துப் பாருங்கள். கல் மாதிரி நின்றால் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, மூடி ஓரத்தில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.