கேண்டீனில் கேட்கிற கேள்விகளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது?

பெருங்குடி சாம்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சி.எஸ்.ஐ. குடும்பம். ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம் என்று வளர்ந்தவன். என் டீமில் ஒரு அண்ணன் இருக்கிறார். தாத்தா காலத்திலிருந்து திராவிடர் கழகக் குடும்பம். பெரியார் திடல் கூட்டங்களுக்கு அப்பா தோளில் உட்கார்ந்து போனேன் என்பார். மதியம் கேண்டீனில் சாப்பிடும்போது என்னிடம் கேள்வி கேட்பார். கிண்டல் கிடையாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். இயேசுவின் சீடர் தோமா சென்னைக்கு வந்ததற்கு என்ன ஆதாரம்? பைபிளுக்கு வெளியே இயேசுவைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா? பைபிளை இடையில் திருத்திவிட்டார்களாமே? சாந்தோமில் தோமா நட்டதாகச் சொல்கிற கம்பம் சுனாமியைத் தடுத்தது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறதே, அதைக் காட்டி, "அப்போ வேளாங்கண்ணியில் ஏன் தடுக்கவில்லை?" என்றார். நல்ல மனிதர், ஏதாவது சொல்லிச் சமாளிக்க எனக்கு மனசில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கிருபை போதும்:

தம்பி, வாக்குவாதம் வேண்டாம். அவருக்காக ஜெபம் பண்ணுங்கள். விசுவாசம் மூளையால் வருவதில்லை.

மலையடிவாரம்:

தம்பி, ஜெபம் கட்டாயம் வேண்டும். ஆனால் ஏதென்ஸ் சந்தைவெளியில் கண்டவர்களோடெல்லாம் தினமும் பேசிக்கொண்டிருந்தவர் பவுல். அப்போஸ்தலர் 17-ஐ எடுத்துப் பாருங்கள். கேட்கிறவருக்குப் பதில் சொல்வதும் அன்புதான்.

பரங்கிமலைக்குக் கீழேதான் என் வீடு. உறுதிபூசுதலுக்குத் தயாராகிற பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். நீங்கள் கேட்டதையெல்லாம் அவர்களும் கேட்பார்கள்.

முதலில் அந்தக் கம்பத்தை விட்டுவிடுங்கள். சுனாமிக்கு அடுத்த நாட்களில் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தி. சாந்தோம் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். நனைந்த ரேஷன் கார்டை ஒரு அம்மா சிமெண்டுத் திண்ணையில் விரித்து, பறக்காமலிருக்க நாலு மூலையிலும் கல் வைத்துக் காயவைத்துக்கொண்டிருந்தார். அதில் இருந்த ஒரு பெயர் அவர் மகனுடையது. பையன் போய்விட்டான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத எதையும் கடவுளுக்கு ஆதரவான வாதமாக யாரிடமும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அந்தச் செய்தியை இன்னமும் ஃபார்வர்டு செய்கிறவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

அடுத்தது தோமையார், நீங்கள் சொல்கிற தோமாதான். கி.பி. 52-ல் கேரளக் கரைக்கு வந்தார், 72-ல் இங்கே கொல்லப்பட்டார் என்பது நம் மரபு. 'தோமாவின் பணிகள்' என்ற சிரிய மொழி நூல் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் கொண்டபோரஸ் என்ற அரசன் வருகிறான். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தான் பக்கம் அவன் பெயர் பொறித்த நாணயங்களே கிடைத்துவிட்டன. ஆனால் அவன் ஆண்டது வடமேற்கில், மயிலாப்பூரில் இல்லை. மலைமேல் பீடத்தில் பதித்திருக்கிற கல் சிலுவையைப் பார்த்திருக்கிறீர்களா? மேலே புறா, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. 1547-ல் போர்த்துகீசியர் கண்டெடுத்தது. அது தோமையாருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. போர்த்துகீசியர் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி, தோமையார் வந்ததற்கு நிரூபணம் ஆகாது. 'பழமையான, மதிக்கத்தக்க மரபு. நிரூபிக்க முடியாது' என்று அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். நான் அதை நம்புகிறேன். ஆனால் நாம் நம்புவதைத் தொகுத்துச் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் மயிலாப்பூர் இல்லையே.

பைபிளுக்கு வெளியே யார் எழுதினார்கள் என்ற கேள்விக்கு வருவோம். விசுவாசப் பிரமாணத்தில் இருக்கிற பெயர் பிலாத்து, இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிய ரோம ஆளுநர். இஸ்ரேலில் இருக்கிற செசரியாவில் 1961-ல் அவன் பெயர் பொறித்த கல் கிடைத்தது. ரோமப் பேரரசர் திபேரியு ஆட்சியில் அந்தப் பிலாத்து கிறிஸ்துவைக் கொன்றான் என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் 116 வாக்கில் எழுதுகிறார். அவர் ரோமர், கிறிஸ்தவர்களைக் கண்டாலே பிடிக்காதவர். யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ், 'கிறிஸ்து எனப்படும் இயேசுவின் சகோதரன்' யாக்கோபு கொல்லப்பட்டதை 93 வாக்கில் குறிப்பிடுகிறார். அவர் இயேசுவைப் பற்றி எழுதிய இன்னொரு பத்தியில் பின்னாளில் கிறிஸ்தவர் ஒருவரின் கை பட்டிருக்கிறது. அதைக் காட்டுவதானால் இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

திருத்தினார்களா என்றால், மாற்கு நற்செய்தியின் கடைசிப் பன்னிரண்டு வசனமும், யோவானில் வருகிற விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. சினாய் பிரதி என்கிற 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதியை எடுத்தால் தெரிந்துவிடும். வெவ்வேறு ஊர்களில் எழுதிய பிரதிகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால்தான் எது பிறகு சேர்ந்தது என்று நமக்கே தெரிகிறது. எல்லாவற்றையும் ஒருவர் கைப்பற்றித் திருத்த வழியே இல்லை.

கடைசியில் 1 கொரிந்தியர் 15-க்கு வாருங்கள். 55 வாக்கில் எழுதிய கடிதம், சிலுவைக்குப் பிறகு சுமார் இருபத்தைந்து வருடம்தான் ஆகியிருக்கும். உயிர்த்தவரைக் கண்டவர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறார் பவுல். ஐந்நூறு பேர் கண்டார்கள், பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். கிறிஸ்து எழவில்லையென்றால் உங்கள் விசுவாசம் வீண் என்றும் அவரே எழுதுகிறார். நம் வீடு நிற்கிற தூண் இதுதான். உங்கள் அண்ணன் இதைத் தட்டிப் பார்க்கட்டும்.

வேப்பேரி வாசகன்:

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இவ்வளவு நேராகப் பேசியதற்கு நன்றி அம்மா. இயேசு இருந்தார், சிலுவையில் கொல்லப்பட்டார், சீடர்கள் அவரைக் கண்டதாக நம்பினார்கள், இதுவரை சரி. நம்பினார்கள் என்பதாலேயே அது நடந்ததாகிவிடுமா? எல்லா மதத்திலும் உயிரைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்களே.

மலையடிவாரம்:

ஆகாது ஐயா. உயிரைக் கொடுத்தது அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதற்கு மட்டும்தான் சாட்சி. என் கேள்வி வேறு. அந்த நம்பிக்கை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? மரத்தில் தொங்கியவன் சபிக்கப்பட்டவன் என்பது அவர்கள் வேதம். உயிர்த்தெழுதல் என்றால் உலக முடிவில் எல்லாரும் எழுவது என்றுதான் யூதர் பலர் எதிர்பார்த்தார்கள். நடுவில் ஒருவர் மட்டும் எழுவார் என்று யாரும் காத்திருக்கவில்லை. துக்கத்தில் வந்த மயக்கம் என்று பேதுருவுக்குச் சொல்லலாம். அவர்களைத் துரத்தித் துரத்திச் சிறைபிடித்த பவுலுக்கு என்ன துக்கம்? எனக்கு இதற்கெல்லாம் பொருந்துகிற ஒரே விளக்கம், அது நடந்தது என்பதுதான். செத்தவர் எழ மாட்டார் என்று நீங்கள் தொடங்கினால் வேறு விளக்கம் தேடித்தான் ஆக வேண்டும். ஆக, நமக்குள் இருக்கிற வேறுபாடு கடவுள் உண்டா என்பதில். அதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேச நான் தயார்.

பெருங்குடி சாம்:

ரொம்ப நன்றி அம்மா. ஆனால் வேளாங்கண்ணிக் கேள்வி அப்படியே நிற்கிறதே?

மலையடிவாரம்:

நிற்கிறது தம்பி. வேளாங்கண்ணியிலும் கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை என்கிறார்கள். ஆனால் அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, கடற்கரையில் நின்ற பக்தர்கள் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். கடவுள் ஏன் தடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அவரிடமும் தெரியாது என்றே சொல்லுங்கள்.

கூடவே லூக்கா 13-ஐக் காட்டுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே சொல்கிறார். தப்பித்தவன் நல்லவன், செத்தவன் கெட்டவன் என்ற கணக்கை அவரே உடைத்துவிட்டார். நாமும் அந்தக் கணக்கைத்தான் மறுக்கிறோம் என்று தெரிந்தாலே உங்கள் அண்ணனோடு பேச்சு வேறு மாதிரி போகும். அவரை ஒருநாள் மலைக்குக் கூட்டி வாருங்கள், அந்தச் சிலுவையை நானே காட்டுகிறேன். மெட்ரோவில் வந்தால் ஆலந்தூரில் இறங்கலாம்.