திக்கிப் பேசுபவனாகவே கடையில் நிற்கலாமா?

கேள்வி: திருநகர்வாசி

மதுரை தெற்காவணி மூல வீதியில் ஒரு நகைக்கடையில் விற்பனையாளராக இருக்கிறேன். சிறு வயது முதலே எனக்குத் திக்குவாய். சேதாரம் எவ்வளவு என்று வாடிக்கையாளர் கேட்டால் ‘சே’ என்ற எழுத்திலேயே நாக்கு நின்றுவிடுவதால், கால்குலேட்டரில் அடித்துக் காட்டிவிடுகிறேன். பேருந்தில் திருநகர் என்று கேட்க வாய் வராமல், ஹார்விபட்டிக்குச் சீட்டு வாங்கி இறங்கி நடப்பதும் உண்டு. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர் மடை திறந்தாற்போல் பேசுகிறார். அவராக நான் பிறந்திருக்கக் கூடாதா என்று ஏங்காத நாளில்லை. உன்னை நீயே ஏற்றுக்கொள் என்கிறார் என் அக்கா. அப்படியென்றால் முயற்சியைக் கைவிடுவதா?

பதில்: பசுமலை கணக்கு வாத்தியார்

தம்பி, நானும் திக்குகிறவன்தான். கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். இது கோழைத்தனத்தாலோ அறிவுக் குறைவாலோ வருவதில்லை. மரபணுவுக்கும், பேச்சை மூளை ஒருங்கிணைக்கும் விதத்துக்கும் இதில் பங்குண்டு. பெரியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது, அவர்களில் ஆண்களே அதிகம். பாடும்போதும் தனியாகப் பேசும்போதும் பெரும்பாலும் திக்காது என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

திக்கலைவிட, அதை மறைப்பதற்கு நாம் படும் பாடுதான் பெரும்பாடு. சொல்லை மாற்றுவதும் கால்குலேட்டரை நீட்டுவதும் அந்த நேரத்துக்குத் தப்பிக்க உதவும். ஆனால் அப்படித் தப்பிக்கத் தப்பிக்க அந்தச் சொல்லின் மீதுள்ள பயம் வேரூன்றிவிடும். இதனால்தான் பேச்சுப் பயிற்சியாளர்கள் சிலர், பயப்படும் சொல்லை வேண்டுமென்றே திக்கிச் சொல்ல வைக்கிறார்கள். ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பிலேயே, ‘எனக்குத் திக்கும், நான் முடிக்கும்வரை பொறுத்திருங்கள்’ என்று மாணவர்களிடம் சொல்லிவிடுகிறேன். திக்கல் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், சில நாள் கூடுதலாகவே வரும். ஆனால் அவர்கள் முகம் பார்த்துப் பாடம் நடத்த முடிகிறது.

பதில்: கூடல்நகர் அம்மா

என் மகனுக்கும் இது உண்டு. உங்கள் அக்கா சொல்வது சரி, அதற்காகப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் 1926 முதல் லயனல் லோக் என்பவரிடம் பேச்சுப் பயிற்சி பெற்றார். அதன் பின் 1939 செப்டம்பர் 3 அன்று அவர் வானொலியில் ஆற்றிய போர்க்கால உரையிலும் நீண்ட இடைவெளிகள் இருந்தன. நாக்கில் வசம்பைத் தேய்க்கவும், கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசவும் சொல்லி வருகிறவர்களிடம் போக வேண்டாம். அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில், பேச்சுப் பயிற்சிக்கு எங்கே செல்லலாம் என்று விசாரியுங்கள்.

பதில்: பழைய நகைக்கடைக்காரன்

நகைக்கடை நடத்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெண்ணின் கல்யாணத்துக்குச் சீட்டுப் பணம் கட்டிச் சேர்த்து நகை வாங்க வருகிறவர், விற்பவரின் பேச்சழகைவிட, கல் எடையைக் கழித்தாரா, ஹால்மார்க் முத்திரையைக் காட்டினாரா என்பதைத்தான் பார்ப்பார். மடமடவென்று பேசி முடிப்பவரிடம் சந்தேகப்பட்டு எழுந்து போனவர்களையும் கண்டிருக்கிறேன். நகைத் தட்டை எடுத்து வைக்கும்போதே, ‘எனக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும், விலையை நிதானமாகச் சொல்கிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும் காலை நேரத்தில் தொடங்குங்கள். முதலாளியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.