சிபிலிஸ் என்ற பால்வினை நோயால் கால் வீங்குமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

பெயர் போடாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும். மூன்று வாரமாகக் காலில் வீக்கம்; சாக்ஸைக் கழற்றினால் தடம் பள்ளமாக நிற்கிறது. சிறுநீரில் சோப்பு நுரை மாதிரி நுரை. உப்பைக் குறைத்தும் கேட்கவில்லை. 24 மணி நேரச் சிறுநீரில் புரதம் 5 கிராம். 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டுமாம்! அப்புறம் உள்ளங்கையில் செம்புள்ளிகளைப் பார்த்த டாக்டர் விடிஆர்எல் (சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனை) எழுதினார். பாசிட்டிவ். கிருமியும் அதற்கு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளும் சேர்ந்து சிறுநீரக வடிகட்டியில் படிவதால் புரதம் கசிகிறதாம். 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி போட்டாகிவிட்டது (அன்றிரவு குளிர்காய்ச்சல், அதுவும் வழக்கம்தானாம்).

இப்படி வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? புரதம் குறைய எத்தனை வாரம் ஆனது? சிறுநீரகத்தில் பயாப்ஸி (சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தீர்களா, காத்திருந்து பார்த்தீர்களா? மனைவிக்கும் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தப் பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள்?