தாளம் தெரிந்தவனுக்கு வாள் சுழற்றத் தெரியவில்லை (தி விட்சர், முதல் பாகம்)

ஐஸ்கணக்கு, தங்கச்சிமடம்

வணக்கம். நான் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? அந்த 61 நாளில் முடித்துவிடலாம் என்று 2007-இல் வந்த தி விட்சர் என்ற கம்ப்யூட்டர் கேமின் முதல் பாகத்தைத் தொடங்கினேன். என் லேப்டாப் கிழடு, புதிய கேம் எதையும் தாங்காது. இது ஒன்றுதான் முனகாமல் ஓடுகிறது. இன்றைக்கு நாற்பத்தோராவது நாள். இன்னும் முதல் அத்தியாயத்தையே தாண்டவில்லை.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் ஒரு கிளிக் ஒரு வெட்டு என்ற கணக்கு இல்லை. எதிரிமேல் கிளிக் செய்தால் நாயகன் கெரால்ட் ஒரு சுற்று வாள் வீசுவான். அந்தச் சுற்று முடிகிற நேரத்தில் கர்சர் எரிகிற வாளாக மாறும். அப்போது சரியாக அடுத்த கிளிக் விழுந்தால் அடுத்த சுற்று, அடி இன்னும் பலமாக இருக்கும். முந்திவிட்டால் இந்தச் சுற்றுகளின் சங்கிலி அறுந்து மரம் மாதிரி நிற்பான். பிந்தினால் மறுபடி முதலிலிருந்து.

இதில் எனக்கு மானப் பிரச்சினை ஒன்று உண்டு. நான் எட்டு வருடமாக எங்கள் கோயில் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் கரண்ட் போய், கீபோர்டு நின்று, இருட்டில் நான் மட்டும் ஒரு பாட்டு முழுக்கத் தாளத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். அப்படிப்பட்டவன் காலால் தரையில் தட்டி, 'ஒன்று, இரண்டு, மூன்று, கிளிக்' என்று எண்ணி அடித்தும் இரண்டாவது சுற்றோடு அறுந்துவிடுகிறது. வாள் வீசுவதில் வலு, வேகம், கூட்டம் என்று மூன்று பாணி, வேகப் பாணியில் அதுகூட இல்லை. தங்கை பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கோயில்ல மட்டுந்தான் தாளமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அத்தியாயக் கடைசியில் வருகிற அந்தப் பேய் நாயிடம் பதினொரு தடவை செத்தாயிற்று. வயர் இல்லாத மவுஸ், வீட்டில் எல்லோரும் தூங்குவதால் ப்ளூடூத் ஹெட்போன். எங்கே தப்பு?

மூன்றாம் பாகமே போதும்

தம்பி, 2011-இல் வந்த இரண்டாம் பாகத்திலேயே அவர்கள் இந்தத் தாள விவகாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். செய்தவர்களே கைவிட்டதை நீங்கள் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு 2015-இல் வந்த மூன்றாம் பாகத்துக்குத் தாவுங்கள்.

ஐஸ்கணக்கு

அண்ணே, லேப்டாப் கிழடு என்று மேலே எழுதியிருக்கிறேன். மூன்றாம் பாகத்தைப் போட்டால் அதில் தோசை சுடலாம்.

மண்டபம் சால்டரிங்

தம்பி, உங்களைக் குறை சொல்வதற்கு முன்னால் மவுஸைக் கொஞ்சம் சந்தேகப்படுவோம். மண்டபத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், நம் உப்புக்காற்று என்னென்ன செய்யும் என்று தினமும் பார்க்கிறவள்.

மவுஸ் பட்டனுக்கு அடியில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு. தேய்ந்து, களிம்பு பிடித்தால் அது ஒழுங்காக ஒட்டாமல் துள்ளும். நீங்கள் ஒரு தடவைதான் அழுத்துவீர்கள், கம்ப்யூட்டர் இரண்டு என்று எண்ணிக்கொள்ளும். கணக்கு எழுதும்போது இது தெரியவே தெரியாது. இந்த கேமில் அந்த இரண்டாவது கிளிக் 'முந்திய கிளிக்' ஆகிவிடும், சங்கிலி போச்சு.

சோதிப்பது எளிது. டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டர்மேல் ஒரே ஒரு கிளிக் செய்யுங்கள். அது தேர்வாகி நிற்க வேண்டும், திறக்கக் கூடாது. இருபது தடவை செய்து பாருங்கள். ஒரு தடவை தானாகத் திறந்தாலும் மவுஸ் அவுட்.

அப்புறம் ப்ளூடூத். அதில் சத்தம் கால் நொடி வரைகூடத் தாமதமாக வரும். படம் பார்த்தால் உதடும் குரலும் ஒட்டாமல் போகுமே, அதேதான். வயர் ஹெட்போன் போடுங்கள். சார்ஜர் செருகி விளையாடுங்கள், பேட்டரியில் லேப்டாப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 60 படம் ஓடினால் ஒரு படத்துக்குச் சுமார் 17 மில்லிநொடிதான் ஆகிறது, 20 படம் என்றால் 50. கர்சர் மாறியது உங்கள் கண்ணுக்கு வரும்போதே பழைய செய்தியாகிவிடும். செட்டிங்ஸில் நிழலைக் குறையுங்கள், வி-சிங்க் (படத்தைத் திரையின் வேகத்தோடு பூட்டுகிற வசதி) இருந்தால் அணைத்துப் பாருங்கள்.

கீழக்கரை காக்கா

அக்கா சொன்னதைச் செய்துவிட்டு இதையும் பாருங்கள். இந்த கேமை நான் இரண்டு தடவை முடித்தவன்.

உங்கள் வியாதி டிரம்ஸ்தான். சம இடைவெளியில் எண்ணுகிறீர்கள். இங்கே சுற்றுக்குச் சுற்று நீளம் மாறும். முதல் சுற்று சட்டென்று முடியும், அடுத்ததில் உடம்பைத் திருப்பி வீசுவான், அதற்கு நேரம் வேறு. வலுப் பாணி, வேகப் பாணி, கூட்டப் பாணி மூன்றுக்கும் மூன்று விதம். ஒரே எண்ணிக்கையை எல்லாவற்றிலும் வைத்தால் அறுந்துகொண்டேதான் இருக்கும். தொடக்கத்தில் சங்கிலியே குட்டை, பாணிக்கு டேலண்ட் (லெவல் ஏறும்போது கிடைக்கிற திறமைப் புள்ளி) போடப் போடத்தான் நீளும். அதனால் உங்களையே ரொம்பவும் நொந்துகொள்ள வேண்டாம்.

பாணியையும் கவனியுங்கள். சுறுசுறுப்பான எதிரியை வலுப் பாணியில் அடித்தால் நழுவிவிடுவான். நாய்கள் வட்டம் கட்டினால் கூட்டப் பாணிக்கு மாறுங்கள். தலை சுற்றினால் ஸ்பேஸ் பாரைத் தட்டி நிறுத்தி யோசிக்கலாம், யாரும் கேட்கப் போவதில்லை. வெள்ளி வாளைத்தானே உருவுகிறீர்கள்? இரும்பு வாள் மனிதர்களுக்கு. பேய் நாயிடம் ஆர்ட் என்கிற, எதிரியைத் தள்ளிவிடும் மந்திரத்தை விடாமல் வீசுங்கள், எப்போதாவது தடுமாறிக் கீழே விழும். விழுந்த எதிரிக்கு ஒரே கிளிக், கதை முடிந்தது.

ஐஸ்கணக்கு

காக்கா, வெள்ளி வாள்தான். அவ்வளவு மோசம் இல்லை நான். ஆனால் எண்ணாமல் எப்படி அடிப்பது? அதுதான் வரவில்லை.

தொண்டி நாட்டுப்படகு

எனக்கு இந்த கேம் தெரியாது. என் மகன் படித்துக் காட்டினான், கடைசிக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும் என்று தோன்றியது.

தங்கச்சிமடத்துப் பிள்ளை கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பாய். அம்பா, அதாவது வலை இழுக்கிற பாட்டு, பாடுகிறவர் ஒரு அடியை நீட்டுவார், அடுத்ததைச் சுருக்குவார், மூச்சு வாங்குவார், நடுவில் யாரையாவது கேலியும் செய்வார். இழுக்கிற நாங்கள் எண்ண மாட்டோம். எண்ணினால் ஆகாது. அவர் குரல் இறங்குகிற இடத்தில் நம் வாயில் 'ஐலசா' வரும், அதோடு கையும் வரும். புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்றுதான். அடுத்தது இந்நேரம் வரும் என்று முந்தி இழுப்பார்கள். முந்தினவன் தோளில் மொத்த வலையும் உட்காரும். இரண்டு நாள் தோள் வீங்கினால் தானாகச் சரியாகும்.

மகன் அந்தச் சண்டையைப் போட்டுக் காட்டினான். நான் திரையைப் பார்க்காமல் கேட்டேன். வாள் காற்றைக் கிழிக்கிற சத்தம் வருகிறது, கடைசி வீச்சில் அது இறங்குகிறது. அங்கேதான் கையை வை. அந்த எரிகிற வாளைப் பார்க்காதே.

ஐஸ்கணக்கு

நடந்ததை எழுதுகிறேன்.

ஃபோல்டர் சோதனையில் இருபதுக்கு மூன்று தடவை தானாகத் திறந்தது. அக்கா, உங்கள் கடைப் பக்கம் வந்தால் டீ என் செலவு. கம்பெனியில் தூசி படிந்து கிடந்த வயர் மவுஸைக் கேட்டு வாங்கி வந்தேன். அது வந்ததும் வலுப் பாணியில் இரண்டாவது சுற்றைத் தாண்டினேன். ஆனால் பாதி நேரம் பழைய கதைதான்.

அப்புறம் தொண்டி ஐயா சொன்னபடி, கர்சர் இருக்கிற இடத்தைக் கண்ணில் படாமல் இடது கையால் மறைத்துக்கொண்டு, ராத்திரியில் ஆற்றங்கரையில் வருகிற டிரவுனர் என்ற தண்ணீர்ப் பேய்களோடு சண்டை போட்டுப் பழகினேன். முதல் நாள் படு கேவலம். கால் தானாகத் தட்டுகிறது, எட்டு வருடப் பழக்கம். காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் ஒரு சண்டையில் வீச்சுச் சத்தம் இறங்கியதும் விரல் தானாக விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. ஐலசா என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், அம்மா எழுந்து வந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

நேற்றுப் பேய் நாய். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, பாதி உயிரை எடுத்துவிட்டேன். பயத்தில் காக்கா சொன்ன ஆர்ட்டை ஒரு தடவை வீசினேன். பொத்தென்று விழுந்தது. ஒரே கிளிக்கில் செத்தது.

இவ்வளவு நாள் பழகிய சங்கிலியைப் பார்க்காமலே அது போய்ச் சேர்ந்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பழைய சேவ் ஃபைலைத் திறந்து மறுபடி போகப் போகிறேன், ஆர்ட் இல்லாமல். பதினைந்தாம் தேதி படகு இறங்கிவிடும், ஐஸ் உடைக்கிற மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். இன்னும் ஆறு ராத்திரி இருக்கிறது.

மூன்றாம் பாகமே போதும்

தம்பி, செத்ததைத் திரும்பப் போய் எழுப்புகிறீர்களா? நல்லா இருங்க.